கண்டி பஸ்ஸில் போகும் சாப்பாட்டுப் பார்சல்

கிளிநொச்சியில் இருந்து, கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடு அனுப்ப வேண்டுமென்றால், யாழ்ப்பாணம்–கண்டி பஸ்ஸில் பார்சல் போடுவதுதான் நல்ல வழி. மற்ற வழிகளையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கம்பஸுக்கு எடுபட்ட கடிதம் வருகிற காலத்தில் எங்கள் பக்கத்து அம்மாக்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். பாடம் எப்படி, பீடம் எப்படி என்பதெல்லாம் பிறகு. "அக்கா, பிள்ளையின்ர சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது?" என்றுதான் கதை தொடங்கும். அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸின் பெயரை எழுதவில்லை. ஓடுகிற பஸ்கள் மாறும், கொண்டக்டர்மாரும் மாறுவார்கள். முறை எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

தபாலில் மா, தூள், வடகம் போன்ற காய்ந்த சாமான்கள் பத்திரமாகப் போகும். சமைத்தது போகாது. நான் விசாரித்த கூரியரிலும் சமைத்த சாப்பாடு என்றதும் வேண்டாம் என்றுவிட்டார்கள். யாழ்தேவி கொழும்புப் பக்கம் போகிற ரயில். கண்டிக்கென்றால் பொல்காவலையில் இறங்கி மாற வேண்டும். ஏ9 வீதியோ எங்கள் ஊருக்கு நடுவாலேயே போகிறது, அதன் ஒரு முனை கண்டி. 250 கிலோமீற்றருக்கு மேல் தூரம் என்றாலும் விடிய ஏற்றினால் பின்னேரத்துக்கு முன் பிள்ளையின் கையில் கிடைத்துவிடும்.

முதல் நாள் பின்னேரமே கொண்டக்டருக்குப் போன் எடுத்து, நாளைக்கு ஒரு பெட்டி இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். பஸ் பரந்தன் தாண்டியதும் அவர் கூப்பிடுவார். அதற்கு முன்பே கரடிப்போக்குச் சந்தியில் போய் நிற்பது நல்லது, ஏனென்றால் காலை நேரத்தில் பஸ் அதிகம் தரிக்காது. பெட்டியின் அளவைப் பார்த்துக் காசு சொல்வார்கள். ஓர் ஆளின் ரிக்கெற்றில் பாதி கூட வராது. நான் கொண்டக்டரின் போன் நம்பரையும் பஸ்ஸின் நம்பர் தகட்டுப் போட்டோவையும் உடனே வட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்பிவிடுவேன். பெட்டிக்கு எப்போதும் சிவப்பு நைலோன் கயிறுதான் கட்டுவேன். கண்டி பஸ் நிலையத்தில் எல்லாப் பெட்டியும் ஒரேமாதிரி இருக்கும்போது அந்தக் கயிறுதான் கண்ணில் படும்.

பெட்டியை எங்கே வைக்கிறார்கள் என்பதை நின்று பார்க்க வேண்டும். பின்பக்க டிக்கிக்குள் போட்டால் எஞ்சின் சூட்டில் உள்ளே இருப்பது மறுபடி வெந்துவிடும். "தம்பி, சாப்பாட்டுச் சாமான், உள்ளுக்கு வையும்" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். டிரைவரின் ஆசனத்துக்குப் பின்னால் இருக்கிற இடம்தான் நல்லது. இந்த வேலையைச் செய்கிற பெடியன்கள் பலர் நல்ல பிள்ளைகள். ஒருவர் என் பெட்டியை வாங்கும்போதெல்லாம் மூக்கில் வைத்துப் பார்த்து, "இண்டைக்குக் கருவாடு போல" என்பார். அவருக்கும் ஒரு சின்னப் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். விடியப்புறம் வீட்டை விட்டு வெளிக்கிட்ட பிள்ளைக்கும் பசிக்கும்தானே.

ஒருமுறை சரியாக மனம் நொந்துபோனது. வவுனியாவில் கொண்டக்டர் மாறியிருக்கிறார், வந்தவருக்குப் பெட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மகள் கண்டியில் பொழுதுபடும்வரை நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனாள். அடுத்த நாள் பெட்டி கிடைத்தபோது புட்டில் நூல் விட்டிருந்தது, விரால் குழம்பு புளித்துப் பொங்கியிருந்தது. காசைத் திருப்பித் தந்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் அந்த விராலை இரணைமடுக் குளத்தில் பிடித்துவந்த ஆளிடம் காலையிலேயே போய்ச் சொல்லிவைத்து வாங்கி, சாம்பல் போட்டு உரஞ்சிக் கழுவி, மகளுக்குப் பிடித்தமாதிரி மாங்காய் போட்டுச் சமைத்ததற்கு யார் என்ன திருப்பித் தர முடியும்? ஆகவே பெட்டியைக் கொடுக்கும்போது, "கண்டிமட்டும் நீங்கள்தானே போறீங்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் அடுத்தவரின் நம்பரையும் வாங்குங்கள்.

இனி என்ன அனுப்பலாம், என்ன அனுப்பக்கூடாது என்ற விஷயம்.

தேங்காய்ப்பூதான் முதலில் பழுதாகும். புட்டு அனுப்புவதென்றால் பூவை மிகக் குறைத்து, புட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டியில் இருந்து கொட்டியதும் சுளகில் பரவி, கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிட்டுத்தான் கட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளே வேர்த்து, தம்புள்ளை வருவதற்குள் சொதசொதத்துவிடும். கட்டுவதற்கு வாழையிலையை விட நல்லது ஒன்றுமில்லை. இலையின் நடுத்தண்டைச் சீவி, அடுப்புத் தணலுக்கு மேல் மெதுவாக இழுத்தால் பச்சை நிறம் கறுத்து மினுங்கும். அந்தப் பதத்தில் எடுத்து மடித்தால் இலை கிழியாது, சாப்பாடும் ஒட்டாது.

பால் விட்ட கறி எதுவும் வேண்டாம். சொதியை நினைக்கவே வேண்டாம். புளி கூட விட்டு, நல்லெண்ணெய் மேலே மிதக்கக் காய்ச்சிய கத்தரிக்காய்க் குழம்பு அடுத்த நாளும் நன்றாக இருக்கும், சொல்லப்போனால் அடுத்த நாள்தான் நன்றாக இருக்கும். மீன் என்றால் உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி, ஈரம் இல்லாமல் முறுகப் பொரித்தது. நெத்தலிக் கருவாட்டுப் பொரியல், மோர்மிளகாய், எள்ளுருண்டை, பயத்தம் பணியாரம், புழுக்கொடியல் எல்லாம் பயமில்லாமல் போகும். பருத்தித்துறை வடை கடையில் வாங்கினாலே போதும், பல நாள் மொறுமொறுப்பாக இருக்கும்.

எருமைத் தயிர் அனுப்ப ஆசைப்பட வேண்டாம். முல்லைத்தீவுப் பக்கத்துத் தயிர்ச்சட்டியை எந்தக் கொண்டக்டரும் கையால் தொடமாட்டார், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பாலைப்பழமும் அப்படித்தான். ஆனி, ஆடியில் காட்டுப் பக்கம் போனவர்கள் கொண்டுவந்து வீதியோரம் விற்கும்போது, சொண்டில் ஒட்டும் அந்தப் பாலும் இனிப்பும் மகளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது ஒரு நாள் பழம், பெட்டிக்குள் சூடேறினால் கள்ளு வாசம் வந்துவிடும். எங்கள் அம்மா செய்ததுபோலப் பிழிந்து காய்ச்சிப் பாணியாக்கிப் போத்தலில் விட்டு அனுப்பலாம். போத்தலின் வாயில் பொலித்தீன் வைத்து மூடியை இறுக்குங்கள்.

சீனிச்சம்பலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

மகள் வெறும் ரின்களைச் சேர்த்து வைத்து, யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் திருப்பி அனுப்புவாள். அவற்றை எடுக்க ஒரு பின்னேரம் பஸ் நிலையத்தில் நின்றேன். பக்கத்தில் ஒரு பெடியன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் எங்கள் அறிவியல் நகரில்தான் இருக்கின்றன. தெற்கில் இருந்து வந்து படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் கிளிநொச்சியில் அறை எடுத்து இருக்கிறார்கள். அவனும் அப்படி வந்தவன், மாத்தளைப் பக்கம். பஸ் வந்தது. எனக்கு என் வெறும் ரின் பெட்டி, அவனுக்குக் கயிறு கட்டின ஒரு பெரிய பெட்டி. அறைக்குக் கொண்டுபோகும்வரை பொறுக்க முடியவில்லை அந்தப் பிள்ளைக்கு. திறப்பால் கயிற்றை அறுத்து, அங்கேயே வாங்கில் வைத்துத் திறந்தான். கொக்கிஸ், ஒரு பை சிவப்பரிசி, பேப்பரில் சுற்றிய ஒரு போத்தல். போத்தலைத் திறந்து மூடியில் கொஞ்சம் எடுத்து என்னிடம் நீட்டினான். சீனிச்சம்பல். வெங்காயம் நன்றாகச் சுருண்டு கறுத்து, மாசிக் கருவாடும் கறுவாவும் மணத்தது. அந்தப் பதத்தில் நான் ஒருநாளும் செய்ததில்லை.

எப்படிச் செய்வது என்று கேட்டேன். அவனுடைய தமிழும் என்னுடைய சிங்களமும் அதற்குப் போதவில்லை. உடனே போனை எடுத்து வீடியோவில் தாயைக் கூப்பிட்டுவிட்டான். என் வயதுதான் இருக்கும் அந்த மனிசிக்கு. தலையில் துணி கட்டிக்கொண்டு குசினியில் நின்றார். மகன் நடுவில் நின்று மொழிபெயர்த்தான். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து உப்புப் பிரட்டி வைக்க வேண்டுமாம், தண்ணீரைப் பிழிந்துவிட்டுச் சின்ன நெருப்பில் அவசரப்படாமல் வதக்க வேண்டுமாம், தேங்காய் எண்ணெயைக் குறைக்கக்கூடாதாம், புளியும் சீனியும் கடைசியில் போட வேண்டுமாம். எல்லாம் சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான், மொழிபெயர்க்கவில்லை. அவன் சொல்லாமலே எனக்கு விளங்கியது. பிள்ளை மெலிந்திருக்கிறானா, சாப்பிடுகிறானா என்று என்னைக் கேட்கிறார். நான் அவனைத் திரும்பி ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, சாப்பிடுகிறான் என்று கையால் காட்டினேன். அவருடைய முகம் இளகியது.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்கு அதே நினைப்புத்தான். பேராதனையிலும் யாரோ ஒரு கடைக்கார அம்மாவோ, அறை தந்த வீட்டுக்காரியோ என் மகளைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அவள் காய்ச்சலாய்க் கிடந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுக்க அங்கேயும் ஒரு கை இருக்கும். இதை எத்தனையோ பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், மனம் ஏற்கவில்லை. அந்த மாத்தளை அம்மாவுக்கு நான் தலையாட்டியபோதுதான் ஏற்றுக்கொண்டது.

என் மனம் ஏன் அவ்வளவு நாள் ஏற்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் வன்னியில் என் வயது அம்மாக்கள் பலர் இப்படித்தான் இருக்கிறோம். 2009இல் மகளுக்கு ஐந்து வயது. கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போன சனத்தில் நாங்களும். கடைசிக் காலத்தில் கஞ்சிதான் சாப்பாடு, அரிசியும் தண்ணீரும் உப்பும். வரிசையில் நின்று ரின்பால் பேணியில் வாங்கி வருவேன். அவள் குடித்து முடித்துவிட்டுப் பேணிக்குள் பார்ப்பாள், பிறகு என் முகத்தைப் பார்ப்பாள், கேட்கமாட்டாள். அந்தப் பார்வையைக் கண்ட எனக்கு, பிள்ளை போனில் "பசிக்குது" என்று சும்மா சொன்னாலும் நெஞ்சு பதறும். ஒரு பெட்டியில் மூன்று பேருக்குப் போதுமான சாப்பாட்டை வைத்து அனுப்பினேன் என்றால் அதற்குப் பின்னால் அந்தப் பேணி இருக்கிறது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

மகளுக்கும் இது தெரியும். அதனால்தான் கனகாலம் வேண்டாம் என்று சொல்லாமலே வாங்கிக்கொண்டாள். இரண்டாம் வருடத்தில் வெளியே அறை எடுத்த பிறகு ஒருநாள் ஆறுதலாகக் கதைத்தாள். "அம்மா, நீங்கள் விடிய மூண்டு மணிக்கு எழும்பிச் சமைக்க வேண்டாம். மாவையும் தூளையும் அனுப்புங்கோ. நான் அவிச்சுப் பழகுறன்." எனக்கு உடனே பதில் வரவில்லை. அவள் தொடர்ந்து கதைத்தாள். அறையில் பதுளைப் பிள்ளை ஒருத்தியும் குருநாகல் பிள்ளை ஒருத்தியும் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒருநாள் சமைக்கிறார்கள், புதன்கிழமை இவளுடைய நாள். குருநாகல் பிள்ளை எங்கள் தூளின் உறைப்புக்குக் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிடுகிறாளாம், அடுத்த முறையும் அதே தூள்தான் வேண்டும் என்கிறாளாம்.

அதிலிருந்து என் பார்சல் மாறிவிட்டது. இப்போது போவது வறுத்த சிவப்பரிசி மா, குரக்கன் மா, வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள், நெத்தலிக் கருவாடு, ஒரு போத்தல் சீனிச்சம்பல். ஒரு தடவை நீத்துப்பெட்டியும் போனது. அகப்பைக்காம்பும் சுளகும் வேண்டுமா என்று கேட்டேன், ரைஸ் குக்கரின் மேல்தட்டில் வைத்து அவிக்கிறாளாம், வேண்டாம் என்றாள். இந்தச் சாமான்களுக்குப் பஸ்ஸின் அவசரம் தேவையில்லை, தபாலே போதும். இருந்தாலும் பஸ்ஸிலேயே அனுப்புகிறேன், அன்றைக்கே கிடைக்கும் என்ற நிம்மதிக்காக. பெட்டி மட்டும் சின்னதாகிவிட்டது, கிழமைக்குக் கிழமை என்று இருந்தது மாதத்துக்கு ஒன்று என்றாகிவிட்டது.

மிச்ச நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்றும் சில அம்மாக்கள் கேட்பார்கள். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. மாதவிடாய் நிற்கிற காலம், இரவில் உடம்பு தீப்பிடித்ததுபோல் வேர்த்து நித்திரை முறிந்துவிடும். முன்பு அப்படி முழித்தால் எழும்பிப்போய் மா வறுப்பேன். கிளினிக்கில் இரத்தத்தில் சீனி கூட என்றார்கள், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார்கள். எங்களுக்கு நேரத்துக்குச் சாப்பிட்டுப் பழக்கமே இல்லை. பிள்ளைகள், அவர், வீட்டுக்கு வந்தவர்கள், எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைத்தான் சாப்பிட்டிருக்கிறோம். இப்போது மத்தியானம் ஒரு மணிக்குக் கோப்பையில் அளவாய்ச் சோறும் கீரையும் எடுத்துக்கொண்டு முதலில் நான் உட்காருகிறேன். அதற்கும் பழக வேண்டியிருந்தது.

பார்சலைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் அனுப்பினால் பெட்டியை உரப்பையால் சுற்றுங்கள், வெள்ளம் கூடிய நாட்களில் சமைத்தது அனுப்பவே வேண்டாம், வீதி எங்கே மறிபடும் என்று சொல்ல முடியாது. நீங்களே கண்டிக்குப் போவதென்றால் முறிகண்டியில் பஸ் நிற்கும், பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் இரண்டு பை கூட வாங்குங்கள். பெட்டி நிறையச் சமைத்ததைவிட அறைத் தோழிகளுக்கு அதுதான் பிடிக்கும் என்பது என் அனுபவம்.

மகன் இப்போது உயர்தரம் படிக்கிறான். எந்த ஊருக்குப் போவான் என்று தெரியாது. அவனைச் சனிக்கிழமைகளில் குசினிக்குள் விட்டிருக்கிறேன். மா குழைக்கக் கை வந்துவிட்டது, புட்டு உதிரியாக வருகிறது. சொதியைக் கொதிக்கவிட்டுத் திரையவைக்கிறான். பால் விட்டதும் துழாவிக்கொண்டே நின்று, கொதி வரமுன் இறக்க வேண்டும் என்று நாளைக்கு மறுபடி காட்டிக்கொடுக்க வேண்டும்.